ஜூலியனுக்குக் குறைந்த ஒன்றேமுக்கால் வருடம்

மன்னாரிலிருந்து வந்து கனடாவின் விட்பியில் குடியேறிய ஜூலியன், எல்லை தாண்டி ட்ரக் ஓட்டியவர். கலிபோர்னியாவிலிருந்து லெட்டூஸ் கீரை ஏற்றிக்கொண்டு திரும்பிய ஒரு பயணத்தில், எல்லை நகரான பஃபலோவுக்குச் சற்று முன்னால் அமெரிக்கப் பொலிஸார் மறித்தார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் கொக்கெயின் இருந்தது. அது இருப்பது அவருக்குத் தெரியும். ஒரேயொரு தடவைதான் என்று நினைத்து அதை ஏற்றிவர ஒப்புக்கொண்டிருந்தார்.

அமெரிக்க மத்திய நீதிமன்றம் ஒன்பது வருடம் கொடுத்தது. மேன்முறையீடும் தள்ளுபடியானது. அன்று மனைவி றோசலின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அம்மா அழுததாக மகள் மெலிசாவுக்கு ஞாபகமில்லை.

றோசலின் ஒரு ஆஸ்பத்திரி லோண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போனாள். பூசை முடிந்து தேவாலய வாசலில் விசாரித்தவர்களிடம், அவர் தூர மாகாணமான அல்பேர்ட்டாவில் வேலை செய்கிறார் என்றாள். எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது. யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவர் இருந்த பென்சில்வேனியாச் சிறைக்கு ஆரம்பத்தில் போய்ப் பார்த்தாள். கொரோனா வந்தபின் அதுவும் நின்றது. தொலைபேசியில் அவர், "அங்கை குளிரோ?" என்பார். அவள், "ஓம், குளிர்தான்" என்பாள்.

பிறகு தண்டனை விதிகள் மாறின. முன்குற்றம் எதுவும் இல்லாதவர்களுக்குத் தண்டனை அளவு குறைந்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களும் அந்தக் குறைப்பைக் கேட்கலாம் என்றானது. மெலிசாதான் வழக்கறிஞரோடு பேசி விண்ணப்பம் போடுவித்தாள்.

மறுமொழி வந்த அன்று ஓடிவந்தாள். "அம்மா, ஜட்ஜ் ஓம் எண்டிட்டார்! ஏழேகால் வருஷமாக் குறைச்சிருக்கு. அப்பா இந்தச் சம்மரே வந்திடுவார்."

"ம்" என்றாள் றோசலின். "தள்ளு பிள்ளை, சோறு குழையப்போகுது."

ஜூலை மாதம், அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் அவரை எல்லைப் பாலத்தருகே கொண்டுவந்து விட்டார்கள். பாலத்தின் கனடாப் பக்கத்தில், ஃபோர்ட் ஈரியில் றோசலின் காருடன் நின்றாள். தலை முழுக்க நரைத்த ஒருவர் பிளாஸ்டிக் பையோடு வந்தார். அருகில் வந்தபிறகுதான் அவரென்று தெரிந்தது. கட்டிப்பிடிப்பதா என்று இருவருக்குமே விளங்கவில்லை. அவர் பையைப் பின்சீற்றில் வைத்தார்.

நெடுஞ்சாலையில் ஏறியபின் அவள் கேட்டாள். "தண்டனை குறைஞ்சதெண்டு சொல்லேக்கை சந்தோசமா இருந்ததோ?"

"இல்லை. சாப்பாட்டு லைனில நிண்டனான். வந்து சொல்லிச்சினம். லைன் நகர்ந்தது, நானும் நகர்ந்தன்." பிறகு, "உனக்கு?" என்றார்.

"எனக்கும் சந்தோசம் ஒண்டும் தெரியேல்லை. அடுத்தநாள் வேலைக்குப் போனனான்."

அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வரவில்லை. சொன்னதில் அவளுக்கும் குற்றவுணர்வு இல்லை.

இப்போது ஜூலியன் பக்கத்து நகரான ஏஜாக்ஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். வாகனம் ஓட்டுவதில்லை. தினமும் றோசலின்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிவருகிறாள். போன கிழமை ஒருநாள் இறங்கும்போது, கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"பின்னேரம் வருவியோ?"

"வருவன்" என்றாள்.