யாரும் காயப்போடாத கவுன்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருக்கோடியில் ஒரு புளியமரம் இருந்தது, உச்சிவேளையில் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள், நான் அந்த மரத்தடியில் பொறுக்கிவந்த புளியில்தான் குழம்பு வைப்பேன், சாப்பிட்டவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் புருஷனே சாகும்வரை நம்பவில்லை, உங்களைச் சொல்லி என்ன.

பிரெஞ்சுக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் புருஷன் பெயர் அந்துவான். துறைமுகப் பாலத்தில் கப்பல் சரக்கைச் சலங்குப் படகுகளில் ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் சம்சாரம் காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளைகுட்டி எதுவும் கிடையாது என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டார்கள்.

கல்லறைத் திருநாளை ஒட்டி அந்த வாரம் வானம் ஒரு நிலையில் நிற்கவில்லை. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், நம்பிப் பாயை வெளியே போட்டால் அது காய்வதற்குள் வடக்கே கறுத்துக்கொண்டு வரும். காற்று ஒரு நேரம் கடலிலிருந்து வீசும், ஒரு நேரம் மேற்கிலிருந்து திருப்பி அடிக்கும். மழையாவது நின்று பெய்ததா என்றால் அதுவும் இல்லை, நாலு தூறல், ஒரு கொட்டு, அப்புறம் புழுக்கம். கடல் இரைகிற சத்தம் எங்கள் கொல்லை வரைக்கும் கேட்டது. துணி காயவைப்பதுதான் பெரும் பாடு. வீட்டை இரண்டாகத் தடுத்து முன்பக்கம் தனபாக்கியம் அக்கா குடும்பம், பின்பக்கம் நாங்கள். கொல்லையை ஒட்டிய ஓட்டுச் சார்ப்பில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கொடி கட்டியிருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே தலையைச் சாய்த்து எழுந்துவந்து பார்க்கிறேன், என் புடவைக்கும் அவர் சட்டைக்கும் நடுவில் ஒரு சின்னக் கவுன் தொங்குகிறது. ஐந்து வயதுப் பெண்குழந்தைக்கு இருக்கும். வெள்ளைத் துணி, கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் பூவேலை. சொட்டச் சொட்ட ஈரம். காற்றில் பறந்துவந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன், ஆனால் பறந்துவந்த துணி கைகளை விரித்து ஒழுங்காக மாட்டிக்கொள்ளுமா? தேடிக்கொண்டு யாராவது வருவார்கள் என்று விட்டுவிட்டேன். விளக்கேற்றுகிற நேரத்தில் பார்த்தால் கவுனைக் காணோம்.

மறுநாளும் அதே வேளைக்கு அதே கவுன். தனபாக்கியம் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அக்கா, உங்க வூட்டுக்கு யாராச்சும் கொழந்தையோட வந்திருக்காங்களா?”

“எங்க வூட்டுக்கு யாரு வரப்போறா?” அக்கா கவுனைத் தொட்டுப் பார்த்தாள். “கொல்லக் கதவு தாப்பா போட்டுத்தான கெடக்குது, வெளியாளு எப்படி வரும்? ஒன் புருசனக் கேளு.”

“அவரு வேலைக்குப் போயிருக்காரு.”

அக்கா ஒரு மாதிரியாகச் சிரித்தாள். “இன்னா வேலைக்கு? பாலத்துல புயல் கூண்டு ஏத்தி வச்சிருக்காங்களாம், சலங்கு ஒண்ணும் எறங்கலியாம். எம்மவன் அங்கதான சும்மா குந்திக்கினு இருக்கான். ஒன் வூட்டுக்காரருக்கு மட்டும் தெனம் வேலை இருக்குதா?”

அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாக ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் வந்து காலைக் கழுவும்போது பார்த்தேன், கழுவின தண்ணீர் சிவப்பாக ஓடியது. செம்மண். பாலத்தில் ஏது செம்மண்? கடற்கரை மணல்தானே ஒட்டும்? துண்டை எடுக்கச் சார்ப்புக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார், அன்றைக்குக் கவுன் இன்னும் கொடியில் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேற்று வீட்டுக் குழந்தைத் துணி தன் வீட்டில் தொங்கினால் யாராக இருந்தாலும் ‘இது ஏது’ என்று கேட்க மாட்டார்களா? அவர் கேட்காததே எனக்குப் போதுமாக இருந்தது. எங்கேயோ இவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, அந்தப் பொம்பளைதான் எனக்குத் தெரியட்டும் என்று ஆள் வைத்து இதைச் செய்கிறாள், இப்படித்தான் என் புத்தி போனது. நானும் கேட்கவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று மறுநாள் மத்தியானம் கண்ணை மூடவில்லை. அரிசியும் முறமுமாகச் சார்ப்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை நானே இழுத்துப் பார்த்துப் போட்டேன். திடீரென்று ஒரு கொட்டு மழை. உள்ளே ஓடு ஒழுகுகிற சத்தம் கேட்டது, ஓடிப்போய் ஒரு குண்டானை வைத்துவிட்டுத் திரும்பினேன், அவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம். கவுன் தொங்குகிறது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. கவுனுக்கு நேர் கீழே மட்டும் தண்ணீர் சொட்டியிருக்கிறது, கதவிலிருந்து கொடி வரைக்கும் தரை காய்ந்து கிடக்கிறது. அவ்வளவு ஈரத் துணியை ஒருத்தர் தூக்கிக்கொண்டு வந்தால் வழியில் ஒரு சொட்டாவது விழ வேண்டாமா? அப்போதுதான் முதல்தடவையாக எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் சொல்கிறேன், அப்போதும் நான் சந்தேகப்பட்டது மனுஷரைத்தான். தனபாக்கியம் அக்காவும் இதற்குக் கூட்டா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த நாள் காலையில் அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினதும் முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். பாலத்துக்குப் போகிறவர் தெற்கே அல்லவா திரும்ப வேண்டும்? வடக்கே நடந்தார். ஊர் எல்லையில் ஒரு மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். நான் கெஞ்சிக் கூத்தாடி உப்பு மூட்டை ஏற்றிவந்த இன்னொரு வண்டியில் இடம் பிடித்தேன். அந்தப் பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், நடுவில் இங்கிலீஷ்காரன் நிலம், அங்கே சுங்கச் சாவடி, அதைத் தாண்டி ரொம்ப தூரம் போனால்தான் மறுபடி நம்முடைய காலாப்பட்டு. வழியெல்லாம் செம்மண் சேறு. வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அந்தப் பொம்பளையைப் பார்த்து என்ன கேட்பது என்று நெஞ்சுக்குள் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

காலாப்பட்டுக் குப்பத்தில் கட்டுமரங்களையெல்லாம் மேட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு குடிசைக்குள் அவர் குனிந்து நுழைவதைப் பார்த்தேன். நானும் நுழைந்தேன். ஓலை பிய்ந்து தரையெல்லாம் நனைந்த குடிசை. ஒரு பலகைமேல் சின்னப் பெண் ஒன்று உட்கார்ந்திருந்தது, அவர் அதற்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை போட்டிருந்தது அதே கவுன். கழுத்தில் அதே சிவப்புப் பூவேலை. குடிசையில் ஒரு கந்தல் துணிகூட ஈரமில்லாமல் இல்லை, கவுன் மட்டும் வெயிலில் காய்ந்த மாதிரி மொடமொடவென்று இருந்தது.

“யாருங்க இது?” என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “எம் பொண்ணு. செலினு.” குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். “மொதத் தாரத்துக்குப் பொறந்தது. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சுட்டாங்க, நானும் வாயத் தெறக்கல. இவ பெரியம்மா மதலேனுதான் வளக்குது. கடலுக்கு யாரும் போகாததால அதுவும் வேற வேல தேடிக்கினு ஊருக்குள்ள போயிடுது. கொழந்த தனியா கெடக்குதேன்னு காலைல வந்து கஞ்சி குடுத்துட்டு, உச்சிக்கு முன்ன கெளம்பிப் பாலத்துல தலை காட்டப் போயிடுவேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே என்மேல் கோபப்பட்டார். “நீ கண்டுபுடிச்சிட்டன்னு எனக்கு அப்பவே தெரியும் ரோசலி. நேரா கேட்டிருக்கலாம் இல்ல? தெனம் இவ கவுன எடுத்தாந்து நம்ம கொடியில மாட்டி என்ன ஏன் வதைக்கற?”

“நானா? நான் எங்க மாட்டினேன்? எவளோ ஆளு வச்சு மாட்டறான்னுதான நான் ஒங்க பின்னால வந்தேன்!”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா இன்னிக்குத்தாங்க இந்த ஊரையே பாக்கறேன்.”

அவர் நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. அவர் சொன்னதை நானும் முழுசாக நம்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே திரும்பி நடந்திருப்பேன், அம்மா வீட்டுக்கே போயிருப்பேன். ஆனால் அந்தக் குழந்தை பலகையிலிருந்து இறங்கிவந்து, ரொம்ப நாள் பழகின மாதிரி என் முந்தானையைப் பிடித்து அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் காலோடு ஒட்டி நின்றது. என்னால் காலை நகர்த்த முடியவில்லை.

அதற்குள் மதலேன் அக்காவும் வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் பயந்துபோனவள், பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இட்டுக்கினு போயிடும்மா. இந்தக் காத்துக்குக் கூரை நிக்காது. நான் கோயில்ல போய்ப் படுத்துக்குவேன், கொழந்தைய எங்க வச்சுக் காப்பாத்தறது?”

“கெளம்புங்க” என்றேன் அவரிடம்.

சரக்கு வண்டி ஒன்றில் திரும்பி வரும்போது செலின் என் மடியில், அவர் வண்டிக்காரர் பக்கத்தில். சாவடியில் காவல்காரன் வண்டியை நிறுத்தி மூட்டையைக் குத்திப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டதும் சிரித்தான். “இன்னாம்மா, இன்னிக்கு வண்டியா? தெனம் தனியா நடந்துதான போய்க்கினு வருவ. கொழந்தையும் இட்டாந்துட்டியா?”

“வேற யாரையோ சொல்றீங்க” என்றேன்.

“நேத்துகூட மழையில போனியே, கூப்பிடக் கூப்பிட நிக்காம” என்றான் அவன்.

அந்துவான் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டிச் செலினுக்குத் தலை துவட்டினேன். எனக்குக் குழந்தை வளர்த்துப் பழக்கமில்லை, அழுத்தித் துவட்டிவிட்டேன் போலிருக்கிறது. அது முகத்தைச் சுளித்தது.

“நேத்து நீ தொடைக்கறப்ப வலிக்கல.”

“நேத்து யாரு தொடைச்சது?”

“நீதான்.”

மெதுவாகக் கேட்டேன். தடுமாற்றமே இல்லாமல் சொல்லிற்று. அப்பா போனதும் நான் வருவேனாம், நனைந்த கவுனைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடுவேனாம், தலையைத் துடைப்பேனாம், ஈரக் கவுனை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் விடிகிறபோது காயவைத்துக் கொண்டுவந்து போட்டுவிடுவேனாம். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் அந்துவான் கேட்டுக்கொண்டிருந்தார். சேசுவே, நான் என்ன சொல்லி அவரை நம்பவைப்பது?

அன்று ராத்திரி அடித்த காற்றில் காலாப்பட்டில் அந்த வரிசையே தரைமட்டமாகிவிட்டது. மதலேன் அக்கா கோயிலில் இருந்ததால் பிழைத்தாள். நல்லவேளை கூட்டிவந்தோம் என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் நான் முதலிலேயே தெரிந்துகொண்டு தினம் போய் அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தேன், வீம்புக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறேன் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்தார். “எம் பொண்டாட்டி சொல்லிக்காம செய்யறவ” என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லுவார், அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், முத்தியால்பேட்டையிலிருந்து காலாப்பட்டுக்கு நடந்து போய்த் திரும்ப ஒரு பொழுது முழுசாக வேண்டும். நான் மத்தியானம் கண்ணயர்வதோ கொஞ்ச நேரம். தூக்கத்தில் நடந்திருப்பேனோ என்றுகூடத் தனபாக்கியம் அக்காவிடம் கேட்டேன். “நீ எங்க நடந்த? ஒன் கொறட்ட எங்க வூட்டு வரைக்கும் கேட்டுது” என்றாள். பங்குச்சாமியாரிடம் சொன்னோம், அவரும் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒரு பூசை வைக்கச் சொன்னார். வைத்தோம். அதற்கப்புறம் நான் போடாமல் எங்கள் கொடியில் எந்தத் துணியும் தொங்கவில்லை.

செலினை நான்தான் வளர்த்தேன், நான்தான் கட்டிக்கொடுத்தேன். எனக்கென்று வேறு பிள்ளை இல்லை. போன மழைக்காலத்தில் வந்திருந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், திடீரென்று கேட்டாள்.

“ஏம்மா, அப்ப காலாப்பட்டுக்கு வர்றப்ப நீ ஒரு வார்த்தகூடப் பேச மாட்டியே, ஏன்?”

அது நான் இல்லை என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், கேட்க மாட்டாள். அவள் அப்பா பெண்தானே. அன்றைக்கு என்னமோ மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

“நீ இன்னா கேட்ட, நான் பேசறதுக்கு?” என்றேன்.

“எங்கம்மா எங்கன்னுதான் கேப்பேன். தெனம் கேப்பேன். நீ வாயத் தெறக்காம கைய மட்டும் நீட்டிக் காட்டுவ.”

“எந்தப் பக்கம்?”

“தெக்க” என்றாள்.

காலாப்பட்டுக்குத் தெற்கேதான் எங்கள் வீடு இருந்தது. அவளைப் பெற்றவளைப் புதைத்த கல்லறையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இரண்டில் எதைக் காட்டியது என்று எனக்குத் தெரியவில்லை, அவளிடம் கேட்கவும் இன்றுவரை துணிவு வரவில்லை.