அவரைப் பந்தலில் ஒரு வெள்ளைப் பிரம்பு

கண் பரிசோதனையில் மனப்பாடம் செய்து தேறியவன் நான். என் சாதனைகளில் இதை முதலில் வைக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அடுத்த வாரம் கண் பரிசோதனை இருந்தால், தயவுசெய்து தோற்றுப் போங்கள்.

எங்கள் தோட்டம் இலங்கையில் தெரணியகலைப் பக்கம். பாதி தேயிலை, பாதி ரப்பர். நான் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவன். ஒருநாள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் காம்பராவில் கண் பார்க்க ஆட்கள் வந்து, சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். மூன்று பல் சீப்பு மாதிரி ஓர் எழுத்து. மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக. சீப்பின் பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொன்னால் போதும்.

எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒவ்வொருவரும் "மேலே, வலது, கீழே, கீழே, இடது" என்று உரக்கச் சொல்லச் சொல்ல, என் முறை வருவதற்குள் அது எனக்குப் பாட்டாகிவிட்டது. வலது கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன். தாளும் இல்லை, சுவரும் இல்லை. அடுப்புப் புகை மாதிரி ஏதோ ஒன்று நின்றது. நான் பாடினேன். ஒரு பிழை இல்லை. இடது கண் மிகவும் நன்றாக இருப்பதாக எழுதிக்கொண்டார்கள்.

கண் சரியில்லை என்று தெரிந்தால் கத்தியை வாங்கிக்கொண்டு புல்வெட்ட அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இருபத்தாறு வருடம் பால் வெட்டியவனுக்குப் புல்வெட்டு என்றால் அது ஒரு மானப் பிரச்சினை. மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். கண்ணைத்தான் காப்பாற்றவில்லை.

அதன் பிறகு மரங்கள் காணாமல் போகத் தொடங்கின. ஒருநாள் கறுப்பையா கங்காணி மர வரிசை பார்த்துவிட்டு வந்து கத்தினார்.

"டேய் சந்தனம், எட்டு மரத்த வெட்டாம விட்டுட்டு வந்திருக்கியே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"அதுகளுக்கு இன்னைக்கு லீவு குடுத்தேன் கங்காணியாரே."

"லீவு குடுக்க நீ என்ன தொரையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டு மரமும் என் இடது பக்கம் நின்றவை என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

என் மனைவி புஷ்பம் யோசித்தாள். இடது பக்கமாக நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை மூன்றாவது தடவையாக நான் தட்டிவிட்டபோது, "இப்புடியே போனா ஒரு நாளைக்கு என்னையும் மரம்னு வெட்டிருவீங்க" என்றாள். மறுநாளே பஸ் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே சொன்ன பெயர் கிளோகோமா (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நோய்). வலி இல்லை. ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு நடுவுக்கு வரும். டாக்டரம்மா சிங்களத்தில் கேட்டார்: "இவ்வளவு நாளாக ஏன் வரவில்லை?" நான் சீப்புப் பாட்டைச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. "போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம்" என்றார்.

வலது கண்ணில் சத்திரசிகிச்சை (உள்ளே தேங்கும் நீர் வடிவதற்கு ஒரு சிறு வழி வெட்டுவது). எனக்குப் புரிந்த வேலை அது. பால் வடிய நான் பட்டையில் வெட்டுகிறேன். நீர் வடிய அவர் கண்ணில் வெட்டுகிறார். நான் ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகப் புடைக்கும். அவர் கை ஒரு நூல் கூட ஆழமாகப் போகவில்லை. அந்தக் கையை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

மிஞ்சியது இவ்வளவு: இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில், பப்பாசித் தண்டின் ஓட்டை வழியாகப் பார்க்கிற அளவு. கங்காணியின் மூக்கைப் பார்த்தால் மீசை தெரியாது. அதில் நட்டம் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஆறு மாதம், லயத்து வரிசை வீட்டில் எங்கள் ஒற்றைக் காம்பராவில், கட்டிலே என் மலை. எழுப்பினார்கள், உட்கார்த்தினார்கள், கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். எல்லாம் அன்பால்தான். தேயிலைக் கொழுந்துச் சாக்கைக் கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தூக்குவார்கள் என்று தோன்றும்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் வாசலில் ஒரு குரல். "சந்தனம் அய்யா, நான் நிலூகா. உங்க வலது பக்கம் நிக்கிறேன். கையத் தொடலாமா?"

பார்வையற்றவர்களுக்கு நடமாட்டப் பயிற்சி (பிரம்பின் துணையோடு தனியாக நடக்கப் பழகுவது) கொடுக்கும் நிலையம் ஒன்று டவுனில் இருக்கிறது. அங்கிருந்து வந்தவர் அவர். சிங்களப் பெண், தமிழ் படித்துக்கொண்டவர். 'தொடலாமா' என்று ஒருவர் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. "தொடுங்க மிஸ், புஷ்பம் ஒண்ணும் சொல்லமாட்டா" என்று சமாளித்தேன்.

நிமிர்ந்து நிற்கவைத்து, என் நெஞ்சுக்குழி உயரத்துக்கு வெள்ளைப் பிரம்பை அளந்தார். என் வாசலிலிருந்தே நடை பழக்கினார்: காம்பராவிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு, வடிகானைத் தாண்டி, சந்திக் கடைக்கு. மூன்று மாதம் கழித்து, சொன்னபடியே திரும்பி வந்து பார்த்தார். நான் கடைக்குத் தனியாகப் போய் வெற்றிலை வாங்கி வந்த அன்று, புஷ்பம் வெற்றிலைக்காக என்னைத் திட்டவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு திருநாள்.

வருடம் ஒன்று போனதும் மிஸ் ஒரு காகிதத்தோடு வந்தார். தர நியமங்களாம். எங்களைப் போன்றவர்களுக்குச் செய்யும் சேவை எப்படி இருக்கவேண்டும் என்ற பட்டியல். அவரவர் மொழியில் பேசவேண்டும். கூட வந்தவரிடம் அல்ல, பார்வையற்றவரிடமே கேட்கவேண்டும். பிரம்பை ஆளுக்கு அளக்கவேண்டும். வாழ்கிற இடத்தில் பழக்கவேண்டும். திரும்ப வந்து பார்க்கவேண்டும். எங்களைப் பற்றி எழுதுவதை எங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

தரம் என்றால் ரப்பர் சீட்டுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். சீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, குமிழியும் கறையும் பார்த்துப் பிரிப்பார்கள். இப்போது சேவையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க ஆள் வேண்டுமாம். சேவை பெற்றவர்களில் மூன்று பேரை நான் போய் விசாரிக்கவேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வரை புள்ளி.

"கண்ணு தெரியாதவனக் கூப்பிட்டுப் பாத்துட்டு வரச் சொல்றீங்களே மிஸ்?"

"பாக்க வேணாம். கேளுங்க."

இரண்டு வீடு ரோட்டோரம். போனேன், கேட்டேன், தேத்தண்ணி குடித்தேன். இரண்டு பேருக்கும் நல்ல கவனிப்பு. மூன்றாவது மாரியாயி அக்கா. தோட்டத்தின் மேல் டிவிசன், நூற்றைம்பது படி. மழை வேறு. புஷ்பம்தான் எனக்காக எழுதுகிறவள். "மூணாவது?" என்றாள்.

"எல்லாத்துக்கும் அஞ்சு போடு."

"போனீங்களா?"

"போனா என்ன சொல்லப்போறாங்க? எல்லாம் நல்லாருக்குன்னுதான். மிஸ் செஞ்சதுல என்ன கொறை இருக்கும்?"

பேனாவை மூடிவைக்கும் சத்தம் கேட்டது. "அந்தச் சீப்புப் பாட்டு மாதிரியா?"

படி ஏறினோம்.

மாரியாயி அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. "எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்க தம்பி. ஒரு கொறையும் இல்ல."

இந்த வசனம் எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். கையில் காகிதமும் பேனாவுமாக யார் மலையேறி வந்தாலும், கேட்பதற்கு முன்பே இதைத்தான் சொல்வோம். நானும் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

"பிரம்பு எங்கக்கா?"

"வெளியில இருக்கு."

புஷ்பம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அவரைப் பந்தலுக்கு முட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள்.

"அவரை நல்லாக் காய்க்குதாக்கா?"

"அதுக்காவது ஒதவட்டும்னு மகன் நட்டு வச்சான்."

புஷ்பம் பிரம்பை உருவி அக்காவின் கையில் கொடுத்து நிற்கவைத்தாள். இடுப்புக்குத்தான் வந்தது. "நான் நெட்டச்சி தம்பி. குனிஞ்சு குனிஞ்சு நாலு நாள் நடந்தேன், முதுகு போச்சு."

"மிஸ்கிட்ட சொல்லலியா?"

"பிரம்பு குடுத்த அன்னைக்கு டவுன் ஹோல் மண்டபத்துல எம்புட்டோ பேரு. அந்த மிஸ் அங்கிட்டு ஓடுறா, இங்கிட்டு ஓடுறா. எங்க பக்கம் வந்த ஆளுக்கு சிங்களந்தான். சிமிந்தித் தரையில நடக்கக் காட்டினாங்க. அம்மாவுக்கு எப்புடின்னு மகன்கிட்ட கேட்டாங்க, அவன் நல்லம்னுட்டான். பொறகு இந்த மலைக்கு யாரு ஏறுவா?"

"அப்ப எட்டு மாசமா எங்கயும் போகலியா?"

அக்கா புஷ்பத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மருமக கையப் புடிச்சிக் கக்கூசுக்குப் போறேன். அவ கொழுந்துக்குப் போயிட்டா, வர்ற மட்டும் அடக்கிக்கிட்டு இருப்பேன் தாயி."

"அப்புறம் ஏன்க்கா கொறை இல்லைன்னீங்க?" என்று கேட்டேன்.

"கொறை சொன்னா இருக்கிற கம்பையும் எடுத்துக்கிட்டுப் போயிருவாங்கல்ல."

அக்காவிடம் சொல்லிக்கொண்டு இறங்கினோம். நூற்றைம்பது படியும் என் உள்ளங்காலில் பதிந்தது. அன்றைக்கு என் பாட்டுக்கு ஒருவர் 'சரி' போட்டதால் என் கண் போனது. இன்றைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்து 'ஐந்து' போட இருந்தேன். புகைக்கறை பிடித்த சீட்டுக்கு முதல் தரம் போட்டால் அது கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும். மாரியாயி அக்கா திரும்பி வரமாட்டார். அந்த வாசலிலேயே இருப்பார்.

நடந்ததை நடந்தபடி புஷ்பம் எழுதினாள். மூன்றாவது வீட்டுக்கு எல்லாம் பூச்சியம். 'பிரம்பு கொடுத்தார்கள்' என்பதற்கு மட்டும் ஒன்று, அவரை காய்த்ததால்.

அடுத்து நிலையத்தில் நடந்த கூட்டத்தில் காகிதத்தை மிஸ்ஸிடம் நீட்டினேன். என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவைத்தவருக்கு நான் கொடுக்கும் பரிசா இது? எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும் என்பது நியமம். ஆகவே மிஸ்ஸே எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தார். முதல் வீடு. இரண்டாம் வீடு. மூன்றாம் வீட்டில் குரல் நின்றது. திரும்பத் தொடங்கி, கக்கூஸ் வரியையும் விடாமல், கடைசி வரை வாசித்து முடித்தார்.

இப்போது என் நாளுக்கு இரண்டு ஓரம். கண்ணில் காலையில் ஒரு சொட்டு மருந்து, அந்தியில் ஒரு சொட்டு. விட்டதும் கண்ணின் மூக்குப் பக்கத்து மூலையை விரலால் அழுத்திக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். முன்பு சும்மா இருக்கத் தெரியாதவன். இப்போது அந்த நேரத்தில் பீலி விழுவதும், பக்கத்துக் காம்பராவில் அம்மி அரைப்பதும், மழை எந்த மலையில் இருக்கிறது என்பதும் தனித்தனியாக வந்து சேர்கின்றன. கண் விட்ட வேலையைக் காலும் காதும் பகிர்ந்துகொண்டுவிட்டன. கால் பொய் சொல்லாது. இல்லாத படியை இருக்கிறது என்று பாட அதற்குத் தெரியாது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் கதவருகே நின்றேன். மிஸ் காகிதங்களை அடுக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக எனக்குச் சிரிக்கவைக்க ஒரு பகிடி வாயில் வரும். வரவில்லை.

"கோவமா மிஸ்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஏழு மணி பஸ்ல வாறேன், அந்தக்கா வீட்டுக்கு வழி காட்டுங்க."