முட்டைக்குக் கொடுத்த நிழல்

கடலூர் பக்கம் வெளிநாட்டுக் கடனில் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தில் நான் சூப்பர்வைசர். பறவைகளுக்குப் பாதிப்பு உண்டா என்று பார்க்க, கடன் கொடுத்த பேங்க்கிலிருந்து வந்திருந்தார்கள். மணலில் பந்தல் போட்டு மேனேஜர் விளக்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஆள்காட்டிக் குருவி ஓயாமல் கத்தியது. பந்தலை ஒட்டியே அதன் முட்டைகள். ஆட்கள் இருந்ததால் அது வந்து உட்காரவில்லை. வெயிலில் முட்டை வெந்துவிடும். சொன்னால் மேனேஜர் எடுத்து வீசச் சொல்வார். என் நிழல் முட்டைமேல் விழும்படி போய் நின்றேன்.

“ஏன்யா வெயில்ல நிக்கிற? உள்ள வா” என்றார் மேனேஜர்.

“இருக்கட்டும் சார்.”

அவர்கள் கிளம்பியதும் குருவி வந்து உட்கார்ந்தது.

மறுநாள் அதே இடத்தில் ஜல்லி லாரி வந்து நின்றது. பக்கத்தில் மேனேஜர். “கொஞ்சம் தள்ளிக் கொட்டு” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றும் ஆள்காட்டி கத்தினால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.