உம் கொட்டிய பாட்டு

டோர்ட்மண்டில் தமிழ் ஆட்களுக்கு நான் ட்ராம் ஓட்டுகிறவன். தலை நரைத்தும் தோல் ஜாக்கெட்டைக் கழற்றாத சில ஜெர்மன்காரருக்கு நான் ராக் பாடகன். எங்கள் ஆட்களில் ஒருவர் தெருவிழா ஒன்றில் என் பாட்டைக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு எங்கயாவது நோகுதோ?" என்று விசாரித்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரையும் நான் பாட்டுக் கேட்க அழைப்பதில்லை.

போன வருடம் எனக்கு ஓர் ஆசை பிடித்தது. கோட்டுசூட்டுப் போட்ட அமெரிக்கப் பாடகர்கள் பெரிய வாத்தியக் குழுவை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதுபோலப் பாடிய பழைய காதல் பாட்டுகளை ஓர் ஆல்பமாகப் பதிவு செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையாவது கத்தாமல் பாட வேண்டும். முடியாமல் போனால், எனக்கு இருந்தது குரலா வெறும் சத்தமா என்பது தெரியாமலே போய்விடும். அந்தப் பயம் நிஜமாகவே இருந்தது.

எங்கள் குழுவின் பியானோக்காரன் தன் வீட்டு நிலவறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவனும் ஜெர்மன்காரன்தான். "செய்யலாம். ஆனால் கத்தினாயானால் பியானோவை மூடிவிடுவேன்" என்றான். முதல் வாரத்திலேயே மூடிவிட்டான்.

"நீ காதலைச் சொல்லவில்லை, போலீஸைக் கூப்பிடுகிறாய். பாட்டு முழுக்க 'நீ, நீ' என்று வருகிறதே, அது யார்? நாளைக்கு உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வா. இல்லாவிட்டால் இதை விட்டுவிடுவோம்."

"எனக்கு அங்க என்ன வேலை?" என்றாள் மனைவி. ஆனாலும் வந்தாள். குளிர்கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்.

"என்னைப் பாக்காதேங்கோ. வெக்கமாக் கிடக்கு."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டோம். அவளுடைய கொண்டையைப் பார்த்துப் பாடத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே கொண்டை அசைந்தது.

"ஏனப்பா கத்திறீங்கள்? நான் இஞ்சதானே இருக்கிறன்!"

இதை மொழிபெயர்த்தபோது பியானோக்காரன் எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தான்.

குரலை இறக்கினேன். வரி முடிந்ததும் அவள், "ம்" என்றாள். அடுத்த வரிக்கும் "ம்". ஆங்கிலம் அவளுக்கு அரைகுறைதான். ஆனால் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் உம் கொட்டாமல் அவளால் இருக்க முடியாது. அந்த மைக்கோ ஊசி விழும் சத்தத்தையும் விடாது. பியானோக்காரன் தலையில் கைவைத்தான். சத்தம் போட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன்.

"ஒராள் சொல்லேக்க பேசாமல் இருக்கிறதோ? பிறகு நான் கேக்கிறன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கோபித்துக்கொண்டு வாயை மூடினாள். என் குரல் மறுபடியும் ஏறியது. வேறு எப்படி ஆகும்? தொலைபேசியில் மறுபக்கம் உம் கொட்டாவிட்டால் "ஹலோ, இருக்கிறியோ?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறவர்கள் நாங்கள். நான் இவ்வளவு காலமும் மேடையில் செய்ததே அதுதானோ என்று அப்போது தோன்றியது.

பியானோக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மணி விரும்பியபடி செய்யட்டும்" என்றான்.

அவள் உம் கொட்டினாள். என் குரல் இறங்கி இறங்கி, இருக்கிறது என்று எனக்கே தெரியாத ஓர் அடிக்குரலில் போய் நின்றது. தொண்டை நோகவில்லை. அவ்வளவு சந்தோஷத்தோடு நான் பாடியதே இல்லை. முடிந்ததும், அந்த "ம்" எல்லாவற்றையும் மெஷினால் வெட்டி எடுத்துவிடலாம் என்றான் அவன்.

"ஒன்றில் கைவைத்தாலும் நான் ஆல்பத்தையே விட்டுவிடுவேன்" என்றேன். கத்தித்தான் சொன்னேன்.

பதிவானதைக் கேட்க அவளுக்கு ஹெட்போன் கொடுத்தான். கொண்டை கலையாமல் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டாள். தன் சத்தம் வந்த இடங்களில் முகம் சிவந்தது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு என்னை நேராகவே பார்த்தாள்.

"எனக்குக் கலியாணம் பேசேக்க, இந்த ஆளைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றாள்.