நீல மீனின் முகத்தில் விழுந்த குழிகள்

எனக்குச் சந்தேகம் அதிகம். அதை ஒரு குறையாக நான் எண்ணியதே இல்லை. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவன் கண்டவனை நம்பினால் கொட்டகை காலியாகிவிடும். தீவன லாரிக்கு மருந்து அடிக்காமல் கேட்டைத் திறக்க மாட்டேன். பண்ணை வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டில் ஒரு நாட்டுக்கோழிகூட வைத்திருக்கக் கூடாது. அந்தக் கோழிக்கு நோய் வந்தால் இவர்கள் கையோடும் துணியோடும் இங்கே வந்துவிடும். எல்லாப் பண்ணையிலும் இதுதான் சட்டம். நான் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கடைப்பிடிப்பேன், அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை ஒரு மீனுக்காக என் மச்சினன் மேல் ஏவினேன்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். கடல்மீன் வளர்ப்பதில் அவனுக்கு அப்படியொரு பைத்தியம். எங்கள் ஹாலில் நாலடித் தொட்டி வைத்து, உப்பு கரைத்து, நீல டாங் மீன் ஒன்றை விட்டுக் கொடுத்தவனும் அவன்தான். உள்ளங்கை அகலம், மஞ்சள் வால். ஊரில் இருக்கிற ஞாயிறெல்லாம் வந்துவிடுவான். அக்கா கையால் சாப்பிடுவான், தொட்டிக்குள் கையை விட்டுக் கல்லையும் மண்ணையும் சரி செய்வான்.

அப்படி அவன் வந்து போன ஒரு வாரத்தில் மீனின் கண்ணோரம் ஊசியால் குத்தியது போல நாலைந்து புள்ளிகளைப் பார்த்தேன். நாளாக ஆகப் புள்ளிகள் குழிகளாயின. நெற்றித் தோல் அரித்துப்போய், உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோடு நெடுகிலும் நீலம் வெளுத்தது. கோழிக்கு அம்மை வந்தால் முகத்தில்தான் முதலில் தெரியும். இதுவும் ஒட்டுவாரொட்டி என்று முடிவுகட்டினேன். யார் கொண்டுவந்தது? இவனை விட்டால் தொட்டிக்குள் கையை விடுகிறவன் வேறு யார்?

அடுத்த ஞாயிறு அவன் வழக்கம்போல மூடியைத் திறக்கப் போனான்.

"கையெ எடு மாப்ள! உன்ற தொட்டியில இருந்துதான் நோவு வந்துருக்குது. மீன் வளத்தறவன் இனி இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது."

"என்ற மீனெல்லாம் நல்லாத்தானுங்க மாமா இருக்குது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவனுக்கு அக்கா இலையில் சோறு போட்டு வைத்திருந்தாள். உட்காராமலே போய்விட்டான். என் மனைவி இலையை மடித்தபடி கேட்டாள்: "ஏனுங்க, என்ற தம்பி என்ன கோழியா?"

கோழிக்குப் போடும் மருந்துப் பொடியில் ஒரு சிட்டிகையை ஐந்து நாள் தொட்டியில் கலந்தேன். தண்ணீர் கலங்கியது. அதைத் தெளியவைக்க வடிகட்டியில் இன்னும் இரண்டு பை கரி போட்டேன். ஏற்கெனவே இரண்டு பை கிடந்தது. தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது, மீன் முகம் மட்டும் இன்னும் கோரமானது. இப்படியே போனால் செத்துவிடும் என்று பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒருவேளை வேண்டுமென்றே எதையாவது கலந்துவிட்டுப் போனானோ என்றுகூட நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் மெல்ல மெல்லக் குழிகள் தூர்ந்தன. என் மருந்து வேலை செய்கிறது என்று பண்ணை டாக்டரிடம் பீற்றிக்கொண்டேன். ஆனால் ஒருநாள் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் கரும்பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. வடிகட்டியைத் திறந்தால் கரிப் பை ஒன்றுகூட இல்லை. சரி, யாரோ உள்ளே வந்து போகிறார்கள். மறுநாள் பண்ணைக்குக் கிளம்புவது போல வண்டியை எடுத்துவிட்டு, பாதியில் திரும்பி வந்தேன்.

தொட்டி முன்னால் நின்றவள் என் மனைவிதான். கடற்பாசித் தாள் ஒன்றில் விட்டமின் சொட்டு விட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு என்ன பண்ணற?"

"நானெதுக்கு ஒளியோணும்? போட்டோ புடிச்சுத் தம்பிக்கு அனுப்பினேன். கழுவாத கரியெ அள்ளிப் போட்டிருக்கறீங்க, அந்தத் தூசுதான் தோலெ அரிக்குதுன்னான். எல்லாத்தையும் எடுத்து வீசச் சொன்னான். இது பாசி திங்கற மீனாமா. நீங்க வருசம் பூரா காஞ்ச தீவனத்தெயே போட்டீங்க. ரெண்டு மாசமா நாந்தான் பாக்கறேன்."

கரியைக் கழுவிப் போடுங்க, நாலு நாளில் எடுத்துருங்க என்று தொட்டி வைத்த அன்றே அவன் சொல்லியிருந்தான். யார் கேட்டது! ஆயிரக்கணக்கான கோழிக்கு விட்டமினை எடை போட்டுக் கலக்குகிறவன் நான். வீட்டில் இருந்த ஒற்றை மீனுக்கு அது தோன்றவில்லை. நோய் எதுவும் எங்கிருந்தும் வரவில்லை, தானும் கெட்டு வனத்தையும் கெடுத்த குரங்கு நான்தான்.

அந்த ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனேன். அவன் முன்னறையில் ஆறடித் தொட்டி இருக்கும், நான் முன்பே பார்த்திருக்கிறேன். அன்று அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். பாழாய்ப்போன புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. அப்போ நான் நினைத்தது சரிதானோ என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

"என்ன மாப்ள, எல்லாம் செத்துப்போச்சா?"

"இல்லீங்க மாமா. அத்தனையும் நல்லாத்தான் இருந்துச்சு. பள்ளிபாளையத்துல ஒருத்தர்கிட்டக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கு மக்யா நாளே, திங்கக்கெழமெ."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். ஆனால் முதலில் பேசியது அவன்தான்.

"இப்ப எங்கிட்ட ஒரு மீனும் இல்லீங்க மாமா. அக்காளெப் பாக்க வரலாமுங்களா?"