மாமனார் ஓட்டிய காக்கைகள்

என் தலைதீபாவளிக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி என்னைப் பார்த்து நானேதான் சிரித்துக்கொள்ள வேண்டும். சிரிப்புத்தான் வர மாட்டேன் என்கிறது.

மாமனார் ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். ஐப்பசி மழை பிடித்தால் நாரையும் கொக்கும் வக்காவும் எங்கிருந்தோ வந்து அந்த ஊர் ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்று ஊரில் வெடி கிடையாது, மேளம் கிடையாது. தை மாதம் எங்கள் கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து வந்த மேளக்காரர்கள், கூட்டில் குஞ்சு இருக்கிறதென்று ஊர் எல்லையிலேயே தவிலைத் துணியில் சுற்றிவிட்டார்கள். ஊமை ஊர்வலமாகப் போய்த் தாலி கட்டினேன். ஜவுளிக்கடையில் துணிக்கு முழம் போடுகிற எனக்கு அது பெரிய மனத்தாங்கல்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், பறவைகளைக் காட்டுகிறேன் என்று என் மனைவி கரைக்குக் கூட்டிப் போனாள். துணைக்கு மாமனார், மரியாதையாகப் பத்தடி முன்னால் நடந்தார்.

"அதா பாருங்க, முட்டை மேல உக்காந்திருக்குது."

"எனக்கு எல்லாம் கடை வேட்டியைக் காயப்போட்ட மாதிரிதான் தெரியுது."

"வேட்டிக்கு மூக்கு இருக்குதுங்களா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். மாமனார் கரை வளைவில் திரும்பியதும், மடியில் ஒளித்துக் கொண்டுவந்த ஓலை வெடியை எடுத்தேன்.

"ஐயோ, வேண்டாமுங்க!"

"ஒண்ணே ஒண்ணுதான் புள்ள."

வெடித்தது. மரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் காலியாகி, வானம் வெள்ளையாக மூடிக்கொண்டது. நான் கைதட்டினேன், பாவி. அதற்குள் காக்கைகள் கூடுகளில் இறங்கிவிட்டன. வெளிறிய நீலத்தில் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே போனது. என் மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. பறவையை விரட்டியவன், அது திரும்பி அடையும்வரை, சாப்பிடாமல், சத்தம் போடாமல், துணியை வீசிக் காக்கை ஓட்ட வேண்டும். வந்தவர்கள் என் காலடியில் கிடந்த ஓலைத் துணுக்கைப் பார்த்தார்கள், புது வேட்டியைப் பார்த்தார்கள். தலைதீபாவளி மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்த மாமனார் தோள் துண்டை உருவினார். "எங்கூட்டுத் தப்புங்க. நா நிக்கறனுங்க."

நான் அந்த ஓலைத் துணுக்கைக் காலால் மூடினேன்.

"மாப்ள, நீங்க ஊட்டுக்குப் போய்ச் சாப்புடுங்க. பலகாரம் ஆறிப்போயிரும்" என்றார்.

போனேன். சாப்பிடவும் செய்தேன். ஐந்தாவது பணியாரத்தைப் போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "அப்பாவுக்குப் பசி தாங்காதுங்க."

எழுந்து கை கழுவிவிட்டு ஓடினேன்.

"புது வேட்டி சேறாயிருமுங்க சாமி" என்று மாமனார் தடுத்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அங்கவஸ்திரத்தை வீசினேன். காக்கைகள் என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

"மாப்ள கொடி காட்டறாருடோய், ரயிலு நிக்குமா பாரு!" என்றது கரையிலிருந்து ஒரு குரல். வேறு நாளாயிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

பொழுது சாயும்போது பறவைகள் ஒவ்வொரு மரமாக அடைந்தன. கரையை ஒட்டிய மரத்தில் மட்டும் ஒன்றும் இறங்கவில்லை.

"அந்த மரம்?" என்றேன்.

"நாளைக்கு வருமுங்க" என்றார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். மறுநாள் நாங்கள் கிளம்பும்போதும் அந்த மரம் காலியாகவே இருந்தது.

அடுத்த தீபாவளிக்கு ஊர் எல்லைவரை வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே பெட்டியை நடுரோட்டில் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினேன்.

"என்னங்க மாப்ள இது" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் மனைவி மட்டும் கடைசித் துணிவரைக்கும் பார்த்தாள்.