இரண்டு ஊசியும் இரண்டு எலிக்கதையும்

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ மூட்டையைத் தூக்கும்போது என் முதுகில் சடக்கென்றது. பூவைத் தூக்கி முதுகு ஒடிந்தவள் என்று சந்தையே சிரித்தது. ஸ்கேனில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலிவு), இன்னொன்று நசுங்கினால் நிமிர்வது கடினம் என்றார் மருத்துவர்.

அவர் எழுதித் தந்தது டெரிபாரடைட். உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோனின் துண்டு. பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம்) வகை. தினமும் தொடையில் நானே குத்திக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் துபாயிலிருந்து தம்பி செல்வன் லீவில் வந்தான். எனக்காக உயிரையும் விடுவான். புத்தியை மட்டும் ஜிம்மில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் பையில் பிபிசி-157 (BPC-157) என்றொரு மருந்துக் குப்பி. அதுவும் பெப்டைடுதான். முழங்கால் வலிக்கு ஆறு மாதமாக அவனே குத்திக்கொள்கிறானாம். என் மருந்தைப் பற்றிப் போனில் படித்துவிட்டு வந்து நின்றான்.

“ஒனக்க மருந்து எலிக்குக் கேன்சர் குடுத்திருக்குக்கா. எனக்க மருந்து எலிக்க காயத்த ஆத்தியிருக்கு. எது வேணும், நீயே சொல்லு.”

இரண்டு நாள் எதையும் குத்தவில்லை. மூன்றாம் நாள் அவனையும் குப்பியையும் இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

அவர் கோபப்படவில்லை. அவன் படித்தது இரண்டும் உண்மைதான் என்றார். டெரிபாரடைட்டை எலிகளுக்கு நெடுநாள் அதிக அளவில் கொடுத்தபோது எலும்பில் கட்டி வந்தது. அந்தப் பயத்தாலேயே, மருந்து எடுத்த மனிதர்களை வருடக்கணக்கில் கவனித்தார்கள். அவர்களிடம் எலும்புப் புற்றுநோய் வழக்கத்தைவிடக் கூடவில்லை. ஆனாலும் எலும்பில் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இதைக் கொடுப்பதில்லை. செல்வனின் மருந்தையோ மனிதரிடம் முறையாகச் சோதித்தது மிகக் குறைவு. பிறகு குப்பியை அவனிடமே கொடுத்து லேபிளைப் படிக்கச் சொன்னார். ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவன் குப்பியை மேசையில் வைத்துவிட்டான்.

“அப்போ எனக்கு என்ன ஆவும் டாக்டர்?”

“தெரியாது தம்பி. இதுவரைக்கும் யாரும் சரியாப் பாக்கல. நிறுத்திருங்க.”

இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு செல்வன் இருப்பான். தெரிந்த ஆபத்தோடு பேரம் பேசலாம். தெரியாததோடு எதைப் பேசுவது? மறுநாளே என் ஊசியைக் குத்தினேன். முதல் வாரங்களில் எனக்குத் தலை சுற்றியது, கெண்டைக்கால் இழுத்தது. மருத்துவரிடம் சொன்னேன், சமாளித்தோம். காலையில் விற்காத பூ மதியம் குப்பை என்று வாழ்ந்தவள், இப்போது எலும்பு தேற இரண்டு வருடம் ஊசி போட்டுக் காத்திருக்கப் பழகியிருக்கிறேன். முதுகு நிமிர்ந்திருக்கிறது.

லீவு முடிந்து போன செல்வன் தினமும் விடிந்ததும் துபாயிலிருந்து அழைக்கிறான்.

“குத்திட்டியாக்கா?”

“குத்தியாச்சு மக்கா. நீ குத்தலியே?”

“இல்லக்கா.”

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அன்றைய பொழுது தொடங்குகிறது.